நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு பங்க் ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் சத்தமே இல்லாமல் இருந்த ஒரு பங்க் ராக் (வேகமும் கோபமும் நிறைந்த, சின்னச் சின்ன ராக் பாட்டுகள்) குழு திடீரென்று புது ஆல்பம் வருகிறது என்று அறிவித்தால், ரசிகர்களிடம் முதல் நாள் கொண்டாட்டம், இரண்டாம் நாள் சந்தேகம். காசுக்காகவா, குரல் இன்னும் இருக்கிறதா, பழைய டிரம்மர் எங்கே, பழைய ஆல்பத்தின் பேரைக் கெடுத்துவிடுவார்களோ என்று கேள்விகள் வரிசையாக வரும். அவற்றுக்கு, இதுவரை நடந்தவற்றை வைத்தே இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடைவெளி எத்தனை வருடம் என்பது பெரிய விஷயமே இல்லை. அந்த ஆட்கள் இன்றைய வயதில் நின்று பாட்டு எழுதுகிறார்களா, ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்டு வாசிக்கிறார்களா, இந்த இரண்டும்தான் ஆல்பத்தின் தலையெழுத்தை எழுதுகின்றன.

எத்தனை வருடம் போனால் அதை நீண்ட இடைவெளி என்று சொல்லலாம்?

பங்க் உலகத்தில் ஐந்து வருடமே நீளம்தான், ஏனென்றால் எழுபதுகளின் முதல் அலைக் குழுக்கள் வருடத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு ஆல்பம் போட்டவை. பஸ்காக்ஸ் 1978-இல் மட்டும் இரண்டு ஆல்பம் வெளியிட்டார்கள், 1979-இல் மூன்றாவது, 1981-இல் பிரிந்தார்கள். நான்காவது ஆல்பம் 1993-இல்தான் வந்தது. வட அயர்லாந்தின் தி அண்டர்டோன்ஸ் 1983-க்கும் 2003-க்கும் நடுவே இருபது வருடம் விட்டார்கள். நியூயார்க் டால்ஸ் 1974-க்குப் பிறகு 2006. தி ஸ்டூஜஸ் 1973-க்குப் பிறகு 2007, அதாவது 34 வருடம். (டால்ஸும் ஸ்டூஜஸும் பங்க் என்ற பெயர் பரவுவதற்கு முன்னால் வந்தவர்கள், ஆனால் இந்தக் கதையில் அவர்கள் இல்லாமல் முடியாது.) லாஸ் ஏஞ்சலிஸின் எக்ஸ் குழுவுக்கு 1993-இல் வேறு கிதார் கலைஞரோடு ஒரு ஆல்பம் இருந்தாலும், முதல் நால்வரும் சேர்ந்து செய்த ஆல்பம் என்று பார்த்தால் 1985-க்குப் பிறகு 2020-தான்.

காசுக்காகத்தானே திரும்பி வருகிறார்கள்?

காசும் ஒரு காரணம், அதில் தப்பும் இல்லை. எழுபதுகளில் பங்க் வாசித்த பலருக்கு அன்றைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, அவர்களைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறைக் குழுக்கள்தான் பெரிய அரங்குகளை நிரப்பின. முதல் ஆட்கள் அறுபது வயதில் கொஞ்சம் சம்பாதித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காசு மட்டும்தான் குறி என்றால் ஆல்பம் தேவையே இல்லை, பழைய பாட்டுகளோடு ஒரு சுற்றுப்பயணம் போதும். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1996-இல் அதைத்தான் செய்தார்கள், பணத்துக்காக வருகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள், 1977-இல் போட்ட ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். புது ஆல்பம் என்பது செலவு, நேரம், பழைய சண்டைகள் மறுபடி கிளம்பும் ஆபத்து எல்லாம் சேர்ந்தது. அதைத் தெரிந்தே இறங்குகிறவர்களிடம் வேறு ஏதோ ஒரு உந்துதல் இருக்கிறது.

பெரும்பாலும் அது மரண பயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிளிங்க்-182 இரண்டு முறை சேர்ந்தது, இரண்டு முறையும் அப்படித்தான். 2008-இல் டிரம்மர் டிராவிஸ் பார்க்கர் விமான விபத்தில் தீக்காயங்களோடு தப்பினார், அடுத்த வருடம் குழு சேர்ந்தது. பிறகு கிதார் கலைஞர் டாம் டிலாங் விலகினார். 2021-இல் பேஸ் கிதார் (அடிச் சுரங்களை வாசிக்கும் கிதார்) வாசித்துப் பாடும் மார்க் ஹாப்பஸுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு பழைய நண்பர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள், 2023-இல் பழைய மூவரின் ஆல்பம் வந்தது. டிசென்டென்ட்ஸ் குழுவின் டிரம்மர் பில் ஸ்டீவன்சனுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு, அப்புறம் மூளையில் கட்டி, 2010-இல் அறுவை சிகிச்சை. எழுந்து வந்தவர் விட்ட இடத்திலிருந்து முழு மூச்சாக இறங்கினார்.

பங்க் என்றால் இளைஞர்களின் கோபம். அறுபது வயதில் அதை எப்படிப் பாட முடியும்?

பதினெட்டு வயதுக் கோபத்தை அறுபதில் பாட முடியாது, அதைப் பாடவும் கூடாது. அறுபது வயதுக்கு என்று ஒரு கோபம் இருக்கிறது. உடம்பு சொன்னபடி கேட்காத கோபம், நண்பர்களைப் புதைத்துவிட்டு வந்த கோபம், நாற்பது வருடம் முன்னால் எதை எதிர்த்துக் கத்தினோமோ அது இன்னும் அப்படியே நிற்கிறதே என்ற கோபம். இதையெல்லாம் பாட்டாக்குகிறவர்களின் ஆல்பம் நிற்கிறது.

டிசென்டென்ட்ஸைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். 1982-இல் அவர்கள் போட்ட முதல் ஆல்பத்தில் வீடு, சாப்பாடு, பெண்கள், ஊரோடு ஒட்டாத பையனின் எரிச்சல். பாடகர் மைலோ ஆக்கர்மன் அதோடு கல்லூரிக்குப் போய்விட்டார், உண்மையிலேயே உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கி, விஞ்ஞானியாக வேலை பார்த்தார். நடுவில் 1996, 2004 என்று ஆல்பங்கள், அப்புறம் 12 வருட மௌனம், 2016-இல் அடுத்தது. அதில் ஒரு பாட்டு, கொழுப்புச் சாப்பாட்டை மருத்துவர் நிறுத்தச் சொன்னதைப் பற்றி. இன்னொன்று, பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து அடக்கும் வழக்கத்தைப் பார்த்துத் தகப்பன் படும் வேதனை. அதே வேகம், அதே பளிச்சென்ற மெட்டு, ஆனால் பாடுகிறவன் ஐம்பதைத் தாண்டியவன் என்பதை ஒளிக்கவே இல்லை. இளமையில் சாப்பாட்டைப் பற்றிக் குதித்துப் பாடிய அதே வாய் இப்போது அதை இழந்ததைப் பாடும்போது, இரண்டையும் கேட்டவர்களுக்கு உள்ளே ஏதோ செய்யும்.

மாறாக, இன்னமும் பள்ளிக்கூட வாத்தியாரைத் திட்டும் பாட்டை எழுதிக்கொண்டு வருகிற குழுக்கள் உண்டு. வாசிப்பு நன்றாகவே இருந்தாலும் இரண்டாவது தடவை போட்டுக் கேட்கத் தோன்றாது.

பழைய ஆட்கள் எல்லோரும் இல்லை என்றால் அது அதே குழுவா?

ஒரே விதி இல்லை. டால்ஸ் 2004-இல் லண்டனில் மீண்டும் மேடையேறியபோதே கிதார் கலைஞர் ஜானி தண்டர்ஸும் டிரம்மர் ஜெர்ரி நோலனும் உயிரோடு இல்லை. மேடையேறிய சில வாரங்களில் பேஸ் வாசித்த ஆர்தர் கேனும் இறந்துபோனார். 2006 ஆல்பத்தில் இருந்த பழையவர்கள் டேவிட் ஜோஹான்சன், சில்வைன் சில்வைன் இரண்டே பேர். அப்படியும் அது டால்ஸ் ஆல்பமாகவே ஒலிக்கிறது, ஏனென்றால் அந்தக் குறும்பும் துக்கமும் கலந்த குரல் ஜோஹான்சனுடையது.

அண்டர்டோன்ஸ் கதை நேர் எதிர். அங்கே போனது பாடகர். ஃபியர்கல் ஷார்க்கி திரும்பி வரவில்லை, பால் மெக்லூன் பாடினார், மற்ற நால்வரும் பழையவர்கள். பாடகர் மாறினால் குழுவே மாறிவிடும் என்று நினைக்கிறவர்கள் 2003 ஆல்பத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கிதார்கள் இரண்டும் பின்னிக்கொள்ளும் விதம் அப்படியே இருக்கிறது. பஸ்காக்ஸில் பாடகர் பீட் ஷெல்லி 2018 டிசம்பரில் இறந்தார், கிதார் கலைஞர் ஸ்டீவ் டிகிள் பாடும் பொறுப்பை எடுத்துக்கொண்டு 2022-இல் ஆல்பம் கொண்டுவந்தார். அதை ஷெல்லி இல்லாத பஸ்காக்ஸ் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் டிகிள் 1976 முதல் அந்தக் குழுவில் இருப்பவர், அந்தப் பெயரை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

பாட்டு எழுதுபவரும் தாளத்தைத் தாங்குபவரும் இருந்தால் குழு இருக்கிறது, இதுதான் என் கணக்கு.

பெயர் யாருக்குச் சொந்தம்? இதில் வழக்கு வருமா?

வரும், வந்திருக்கிறது. பிளாக் ஃபிளாக் குழுவில் 2013-இல் நடந்தது எல்லோருக்கும் பாடம். கிதார் கலைஞரும் நிறுவனருமான கிரெக் கின் ஒரு பக்கம் பழைய பெயரோடு கிளம்பினார். மறு பக்கம் முன்னாள் உறுப்பினர்களான கீத் மோரிஸ், சக் டுகௌஸ்கி, பில் ஸ்டீவன்சன், டெஸ் கடேனா ஆகியோர் ஃபிளாக் என்ற பெயரில் அதே பழைய பாட்டுகளை வாசித்துக்கொண்டு சுற்றினார்கள். கின் வழக்குப் போட்டார், இடைக்காலத் தடை கேட்டார், நீதிமன்றம் கொடுக்கவில்லை, அடுத்த வருடம் சமரசம். வழக்கு நடந்த 2013-இலேயே பிளாக் ஃபிளாக் 28 வருடத்துக்குப் பிறகு ஒரு ஆல்பம் வெளியிட்டது. அதில் பாடிய ரான் ரேயஸை ஆஸ்திரேலியாவில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கினார்கள். அந்த ஆல்பத்தை யாரும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை, ஆனால் ஆல்பம் ஒன்றுமே போடாத ஃபிளாக் மேடையில் வாசித்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். பெயர் ஒருவரிடம் இருந்தது, ஒன்றாக வாசிக்கும் பழக்கம் இன்னொரு பக்கம் இருந்தது. எது ஜெயித்தது என்பதைக் காதே சொல்லும்.

டெட் கென்னடிஸ் இன்னொரு விதம். பாக்கித் தொகை பற்றிய வழக்கில் 2000-இல் நடுவர் குழு பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மற்றவர்கள் அவர் இல்லாமல் மேடையேறத் தொடங்கினார்கள். 1986-க்குப் பிறகு அவர்களிடமிருந்து புது ஸ்டுடியோ ஆல்பம் வரவில்லை.

ஆளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டு எப்படி ஆல்பம் செய்கிறார்கள்?

இன்றைக்கு இதுதான் சகஜம். ஒருவர் வீட்டில் கிதார் பதிவுசெய்து கோப்பை அனுப்புவார், இன்னொருவர் அதன் மேல் பேஸ் வாசிப்பார், பாடகர் கடைசியில் பாடுவார். தொழில்நுட்பத்தில் சிக்கல் ஒன்றுமில்லை. சிக்கல், நால்வரும் ஒருவரையொருவர் எவ்வளவு அறிவார்கள் என்பதில்தான்.

இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். பிளிங்க்-182 எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2011-இல் போட்ட ஆல்பம் பெரும்பாலும் தனித்தனி ஸ்டுடியோக்களில் உருவானது. நல்ல மெட்டுகள் இருக்கின்றன, ஆனால் மூன்று பேர் மூன்று அறையில் இருப்பது கேட்கும்போதே தெரிகிறது, ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடிப்பதே இல்லை. டிசென்டென்ட்ஸின் 2016 ஆல்பமும் வேறு வேறு ஊர்களில்தான் பதிவானது. பாடகர் ஒரு மாநிலம், கிதார் ஸ்டீஃபன் எகர்டன் ஒரு மாநிலம், டிரம்ஸ் ஸ்டீவன்சனின் சொந்த ஸ்டுடியோவில், கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில். ஆனால் கேட்டால் ஒரே அறை மாதிரி இருக்கும். காரணம், ஸ்டீவன்சனும் எகர்டனும் பேஸ் வாசிக்கும் கார்ல் ஆல்வரெஸும் 1987 முதல் சேர்ந்து வாசிப்பவர்கள். மைலோ இல்லாத காலத்திலும் அந்த மூவரும் ஆல் என்ற பெயரில் வருடக்கணக்காக ஊர் ஊராக வாசித்திருக்கிறார்கள். டிரம்மர் எந்த இடத்தில் ஒரு இழை முந்துவார் என்று கிதார் கலைஞருக்கு மனப்பாடம். அந்தப் பழக்கம் இல்லாத குழுவுக்கு, கோப்பு அனுப்புவதற்கு முன்னால் நேரில் உட்கார்ந்து வாசிப்பது கட்டாயம் என்று நினைக்கிறேன்.

டிசென்டென்ட்ஸிடம் இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு. 1977-க்கும் 1980-க்கும் இடையில் எழுதிய பாட்டுகளை, ஆரம்ப கால கிதார், பேஸ் கலைஞர்களோடு 2002-இல் வாசித்துப் பதிவுசெய்து வைத்தார்கள். அப்படியே கிடந்தது. கிதார் வாசித்த ஃபிராங்க் நவெட்டா 2008-இல் இறந்தார். பெருந்தொற்றுக் காலமான 2020-இல் மைலோ அவற்றுக்குப் பாடி முடிக்க, 2021-இல் ஆல்பமாக வந்தது. ஒரே பாட்டுக்குள் மூன்று காலம். நவெட்டாவின் கிதாரை அதில் கேட்கும்போது, யாரும் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே என்று மனம் நிறையும்.

பங்க் ஆல்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாமே, ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

ராமோன்ஸ் 1976-இல் முதல் ஆல்பத்தைச் சுமார் ஒரு வாரத்தில், 6,400 டாலர் செலவில் முடித்தார்கள். 14 பாட்டு, அரை மணி நேரத்துக்கும் குறைவு. அது முடிந்ததற்குக் காரணம் அவசரம் இல்லை, தயாரிப்பு. அந்தப் பாட்டுகளை அவர்கள் நியூயார்க் மேடையில் இரண்டு வருடமாக வாசித்துத் தேய்த்திருந்தார்கள். ஸ்டுடியோவில் போய் யோசிக்க ஒன்றும் இல்லை.

இடைவெளிக்குப் பிறகு வரும் குழுவுக்கு அந்த மேடைப் பழக்கம் இல்லை. புதுப் பாட்டு எதையும் கூட்டத்தின் முன்னால் வாசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதோடு இன்றைய கணினிப் பதிவில் தடங்களுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு அடியையும் நகர்த்தலாம், ஒவ்வொரு சுரத்தையும் திருத்தலாம். முடிவெடுக்கத் தெரியாத குழுவுக்கு இது பெரிய கண்ணி. கிளிக் என்று சொல்கிற தாள அளவுகோலை வைத்து வாசித்து, பிறகு எல்லாவற்றையும் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கினால் பங்க் செத்துவிடும். நல்ல பங்க் டிரம்மர் பல்லவி வரும்போது தன்னை அறியாமல் ஒரு இழை வேகம் கூட்டுவார், அந்த முந்தலில்தான் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அதனால் இந்த மாதிரிக் குழுக்களுக்கு எனக்குப் பிடித்த முறை: டிரம்ஸ், பேஸ், ஒரு கிதார் மூன்றையும் ஒரே அறையில் ஒன்றாக வாசித்துப் பதிவுசெய்வது. ஒரு மைக்கில் இன்னொரு கருவியின் சத்தம் கசியும், கசியட்டும். குரலையும் இரண்டாவது கிதாரையும் பிறகு சேர்க்கலாம். நாலாவது டேக்குக்கு (ஒரு முறை முழுதாக வாசித்துப் பதிவுசெய்வது ஒரு டேக்) மேல் போனால் அன்றைக்கு அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டுக்குப் போவது நல்லது.

உடம்பு ஒத்துழைக்குமா?

இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. நிமிடத்துக்கு 190 துடிப்புப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பங்கில் இது சாதாரணம். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு அடி என்றால் நிமிடத்துக்கு 380, விநாடிக்கு ஆறுக்கும் மேல். கிதாரில் இதை ராமோன்ஸின் ஜானி மாதிரி எல்லாமே கீழ்நோக்கிய அடியாக அடித்தால், முப்பது நிமிடத்தில் மணிக்கட்டு என்ன ஆகும் என்று யோசியுங்கள். இருபதில் தெரியாது. ஐம்பத்தைந்தில் தோள்பட்டையும் முதுகும் சேர்ந்து கணக்குக் கேட்கும். வேகத்தை ஐந்து ஆறு துடிப்பு குறைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அடி அழுத்தமாக விழுந்தால் கேட்பவருக்கு வேகம் குறைந்ததாகவே தோன்றாது.

குரலில் மேல் சுரங்கள்தான் முதலில் கைவிடும். வயதாக ஆகக் குரல்நாண்கள் மெலியும், மூச்சு குறையும். பல குழுக்கள் கிதாரை அரை சுரம் கீழே இறக்கிச் சுருதி சேர்த்துக்கொள்கின்றன, பழைய பாட்டும் பாட வரும், கம்பியும் கொஞ்சம் தளரும், ஒலி கனமாகும். கத்திப் பாடுகிறவர்கள் தொடர்ந்து பல மணி நேரம் பதிவு செய்யாமல், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காது போனால் திரும்ப வராது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ஒத்திகை அறை அதைச் சுலபமாகத் தாண்டும். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கப் போகிறவர்களும்தான்.

பழைய டேப்பில் கிடக்கும் பாட்டுகளை வெளியிட முடியாதா?

முடியும், ஆனால் டேப்பை எடுத்து உடனே ஓடவிடாதீர்கள். எழுபது, எண்பதுகளில் வந்த பல டேப்களில், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போயிருக்கும். இயந்திரத்தில் போட்டால் ஒட்டிக் கிறீச்சிடும், துகள் உரிந்து பதிவே போய்விடும். அதற்கென்று உள்ளவர்கள், ஏறக்குறைய 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை எடுத்து, உடனே டிஜிட்டலுக்கு மாற்றிவிடுவார்கள். எல்லா வகை டேப்புக்கும் இது பொருந்தாது, சிலவற்றை இது கெடுத்துவிடும், அதனால் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் பத்திரம்.

ரசிகர்களிடம் முன்பணம் வாங்கி ஆல்பம் செய்வது சரியா?

சரிதான். ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் 2014-இலும், தி டேம்ட் 2018-இலும் பிளெட்ஜ்மியூசிக் தளத்தின் வழியாக அப்படித்தான் செய்தார்கள். டேம்ட் குழுவின் அந்த ஆல்பம் பத்து வருட இடைவெளிக்குப் பிறகு வந்தது, தயாரித்தவர் டோனி விஸ்கான்டி. 1976-இல் பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிளை (தனிப்பாட்டுத் தட்டை) வெளியிட்ட குழு, பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதன்முறையாக முதல் பத்துக்குள் வந்தது இந்த ஆல்பத்தால்தான். நாற்பது வருடம் காத்திருந்து கிடைத்த இடம்.

ஆனால் அந்தத் தளம் 2019-இல் திவாலானது. ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால், பணம் நேராகக் குழுவுக்குப் போகிறதா, பதிவு முடிந்துவிட்டதா இல்லை இனிமேல்தானா என்று பாருங்கள். பதிவு முடிந்து, அச்சடிக்க மட்டும் பணம் கேட்கிற குழுவுக்கு நான் யோசிக்காமல் கொடுப்பேன்.

ஆல்பம் தயார் என்கிறார்கள், வினைல் மட்டும் ஏன் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது?

வினைல் என்கிற பிளாஸ்டிக் இசைத்தட்டுக்குப் பல கட்டங்கள். அரக்குத் தட்டில் பள்ளம் வெட்டி, அதன் மேல் உலோகம் படிய வைத்து அச்சு எடுத்து, மாதிரிப் பிரதி அடித்துக் கேட்டு, குழு சரி என்ற பிறகே மொத்தமாக அடிப்பார்கள். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. அந்த அரக்குத் தட்டுகளைச் செய்ய உலகத்தில் இருந்த இரண்டு பெரிய இடங்களில் அது ஒன்று, மற்றது ஜப்பானில். அடுத்த மாதமே பெருந்தொற்று, கூடவே வினைலுக்குத் தேவையும் ஏறியது. அந்த நெரிசலில் சிறிய இசை வெளியீட்டு நிறுவனங்கள்தான் அதிகம் அடிபட்டன.

எக்ஸ் குழு அந்தச் சமயத்தில் எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வினைலுக்காகக் காத்திருக்காமல், 2020 ஏப்ரலில், எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, இந்தாருங்கள் என்று பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். முதல் ஆல்பம் வந்து சரியாக நாற்பது வருடம் ஆகிற சமயம்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரகசியமாகவே செய்துவிட்டால் என்ன?

அமெரிக்காவின் ஸ்லீட்டர்-கின்னி குழுவினர் அப்படித்தான் செய்தார்கள். 2006-இல் நிறுத்தியவர்கள், 2014-இல் பழைய ஆல்பங்களை ஒரு பெட்டியாக வெளியிட்டபோது, பெயர் போடாத ஒரு சிறிய தட்டை உள்ளே வைத்தார்கள். போட்டுக் கேட்டால் புதுப் பாட்டு. 2015 ஜனவரியில் முழு ஆல்பம். வெளியில் யாருக்கும் சொல்லாததால் அவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடும் சுதந்திரம். அறிவித்த பிறகு அது கிடையாது. முடிகிற எந்தக் குழுவுக்கும் நான் இதையே சொல்வேன்.

புது ஆல்பம் சுமாராக இருந்தால் பழைய ஆல்பத்தின் மதிப்பு போய்விடுமா?

போகாது. ஸ்டூஜஸின் 2007 ஆல்பத்தை ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்தார், விமர்சகர்கள் பலர் கிழித்துவிட்டார்கள். என் காதுக்கு வாசிப்பில் குறையில்லை, பாட்டுகள்தான் வேகவில்லை. அதனால் 1973 ஆல்பத்தைக் கேட்பதை யாராவது நிறுத்தினார்களா? இல்லை. கிதார் வாசித்த ரான் ஆஷ்டன் 2009 தொடக்கத்தில் இறந்துபோனார். அவர் கடைசியாக ஸ்டூஜஸோடு செய்த ஆல்பம் அது என்ற ஒரு காரணத்துக்காகவே அது இருப்பது நல்லது.

ஸ்வீடனின் ரெஃப்யூஸ்ட் இன்னும் சிக்கலான கதை. 1998-இல் ஒரு பெரிய ஆல்பம் போட்டார்கள், அன்றைக்கு அதை யாரும் சட்டை செய்யவில்லை, சில மாதத்தில் அமெரிக்கப் பயணத்தின் நடுவிலேயே குழு உடைந்தது, இனி ஒருபோதும் சேரமாட்டோம் என்று அறிக்கையும் விட்டார்கள். பிறகுதான் அந்த ஆல்பம் உலகம் முழுக்கப் பரவியது. 2012-இல் சேர்ந்தார்கள், 2015-இல் ஆல்பம். பாப் பாட்டுகளுக்குப் பேர்போன தயாரிப்பாளர் ஷெல்பேக் அதில் சில பாட்டுகளில் கைவைத்ததைப் பழைய ரசிகர்கள் பலர் மன்னிக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. வரப்போகிற பங்கின் வடிவம் இதுதான் என்று அந்த 1998 ஆல்பத்துக்கே பேர் வைத்த குழுவிடம், 1998-ஐயே திரும்பச் செய் என்று கேட்பது நியாயமா?

ஒரு நிமிடப் பாட்டுகளுக்கு ஸ்ட்ரீமிங்கில் காசு வருமா?

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஒரு நிமிடப் பாட்டும் ஏழு நிமிடப் பாட்டும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஆனால் 2024 முதல் 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணம் கிடையாது. சிறிய குழுவுக்கு உண்மையான வருமானம் மேடையிலும், நிகழ்ச்சி முடிந்து மேசை போட்டு விற்கும் தட்டிலும் சட்டையிலும்தான்.

எங்கள் குழுவும் பல வருடம் முன்னால் நின்றுபோனது. மறுபடி ஒரு ஆல்பம் போடலாமா?

போடுங்கள். ஆனால் ஆல்பம் என்ற பேச்சையே முதல் சில மாதம் எடுக்காதீர்கள், சும்மா சேர்ந்து வாசியுங்கள். பழைய பாட்டுகளில் தொடங்குங்கள், விரலுக்கு ஞாபகம் வரும், அதைவிட முக்கியமாக, யார் யாரைக் காயப்படுத்தினார்கள் என்பதும் அந்த அறையில்தான் வெளியே வரும். அதைப் பேசி முடிக்காமல் ஸ்டுடியோவுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

புதுப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, குழுவின் பெயர் யாரிடம், ஒருவர் விலகினால் என்ன என்பதை ஒரே ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நண்பர்களாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இருபது பாட்டு எழுதி, பத்தை வையுங்கள். ஒத்திகையைத் தொலைபேசியில் பதிவுசெய்து மறுநாள் காலையில் கேளுங்கள், அந்த மட்டமான ஒலியிலும் நிமிர்ந்து உட்கார வைக்கிற பாட்டு எதுவோ அது போதும். அரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள், வினைலில் பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம் வரை நன்றாக வரும், அதற்குள் அடங்கினால் சத்தமும் அழுத்தமாக வெட்டலாம். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒருவரைத் தயாரிப்பாளராக வையுங்கள், பழைய ரசிகரை வைக்காதீர்கள், அவருக்கு நீங்கள் செய்வதெல்லாம் பிடிக்கும்.

அப்புறம், பாட்டை முடிந்தால் இரண்டு மூன்று சின்ன மேடைகளிலாவது வாசித்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.

அடுத்த ஆல்பத்துக்கும் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமா?

குழுவுக்குக் குழு வேறு. பஸ்காக்ஸ் 1993-க்குப் பிறகு 1996, 1999, 2003, 2006, 2014, 2022 என்று போய்க்கொண்டே இருந்தார்கள், திரும்பி வந்த பிறகு போட்ட ஆல்பங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். தி ஸ்லிட்ஸ் 1981-க்குப் பிறகு 2009-இல் ஒன்று போட்டார்கள், அடுத்த வருடம் பாடகி ஆரி அப் இறந்துவிட்டார், அதோடு முடிந்தது. எக்ஸ் 2020-க்குப் பிறகு 2024-இல் இன்னொன்று கொண்டுவந்து, இதுவே எங்கள் கடைசி ஆல்பம் என்று வெளியிடும்போதே சொல்லிவிட்டார்கள்.